நிக்கோடிமஸ்: 14 பேர் குடியிருக்கும் ஊர் இன்னும் அழியாதது எப்படி?

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், சாலமன் ஆற்றின் தென்கிளைக்கு வடகரையில் நிக்கோடிமஸ் என்றொரு சிற்றூர் இருக்கிறது. 24ஆம் எண் நெடுஞ்சாலையில் காரில் போகிறவர் ஓரிரு நிமிடத்தில் ஊரைக் கடந்துவிடுவார். நாலாபுறமும் கோதுமை வயல், மேய்ச்சல் புல்வெளி, பெரிய வானம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கே குடியிருந்தவர்கள் 14 பேர். பள்ளிக்கூடம் இயங்கவில்லை. தபால் நிலையத்தை 1953இலேயே மூடிவிட்டார்கள்.

இப்படிச் சுருங்கிப்போன ஊர்களுக்கு பிரெய்ரி எனப்படும் புல்வெளிச் சமவெளியில் பஞ்சமே இல்லை. கன்சாஸ், நெப்ராஸ்கா, வட டகோட்டா, எல்லை தாண்டினால் கனடாவின் சஸ்காட்செவன் என்று எங்கே போனாலும் இதே கதைதான். ரயில் வந்தபோது பிறந்த ஊர்கள், டிராக்டர் வந்து பண்ணைகள் பெரிதானபோது ஆள் குறைந்து, பள்ளிக்கூடத்தைப் பக்கத்து ஊரோடு சேர்த்தபோது அடங்கிப்போயின.

நிக்கோடிமஸை மட்டும் தனியே எடுத்து ஆராயக் காரணம் இருக்கிறது. இந்த ஊருக்கு ரயில் வரவே இல்லை. அந்தக் காலத்து நியாயப்படி 1888இலேயே இது முடிந்துபோயிருக்க வேண்டும். அதற்குப் பிறகு வறட்சி, பொருளாதாரப் பெருமந்தம், புழுதிப்புயல் எல்லாம் வரிசையாக வந்தன. ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை கடைசியில் நூற்றுக்கணக்கானோர் இதைத் தங்கள் ஊர் என்று சொல்லி வந்து கூடுகிறார்கள். உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புக் காலத்தில் கறுப்பின மக்கள் மேற்கே நிறுவிய ஊர்களில் இன்றும் எஞ்சியிருப்பது இது ஒன்றுதான்.

ஊரைத் தாங்கி நிறுத்துவது அங்கே குடியிருப்பவர்களின் எண்ணிக்கை என்றுதான் நாம் பொதுவாக நினைக்கிறோம். நிக்கோடிமஸைத் தாங்கியவை இரண்டு: விட்டுக்கொடுக்காத நிலமும் விட்டுப்போகாத விழாவும். இதுதான் என் முடிவு. அதற்கு எப்படி வந்தேன் என்பதை ஊரின் கதையோடு சேர்த்தே சொல்கிறேன்.

துண்டறிக்கையை நம்பி வந்தவர்கள்

1877. அடிமைமுறை சட்டப்படி ஒழிந்து 12 ஆண்டுகள் ஆகியிருந்தன. தென்மாநிலங்களில் எஞ்சியிருந்த மத்திய அரசின் படைகளும் அந்த ஆண்டில் ஒதுங்கிக்கொண்டன. விடுதலை பெற்றவர்கள் பலர் பழைய முதலாளிகளின் நிலத்திலேயே பங்கு வாரத்துக்கு உழுது, விளைச்சல் வீட்டுக்கு வரும் முன்பே கடனில் மூழ்கிக் கிடந்தார்கள். வாக்குப்போடப் போனால் அடி உதை, சில இடங்களில் கொலை. கன்சாஸோ அடிமைமுறையை எதிர்த்து ரத்தம் சிந்திய மாநிலம் என்று பெயர் வாங்கியிருந்தது. 1862இன் ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கர் அரசு நிலத்தில் 5 ஆண்டு குடியிருந்து பயிர் செய்தால் சிறு கட்டணத்தோடு அது சொந்தமாகிவிடும். சொந்த நிலம் என்ற சொல்லுக்கு அந்த மக்களிடம் இருந்த ஈர்ப்பை விளக்கத் தேவையில்லை.

அந்த ஏப்ரலில் டபிள்யூ. ஆர். ஹில் என்ற வெள்ளையின நில வியாபாரியும், டபிள்யூ. எச். ஸ்மித் என்ற கறுப்பினப் போதகரும், வேறு சில கறுப்பினத் தலைவர்களும் சேர்ந்து நிக்கோடிமஸ் நகர நிறுவனத்தைத் தொடங்கினார்கள். கென்டக்கி மாநிலத்துத் தேவாலயங்களில் ஹில் கூட்டம் போட்டுப் பேசினார். துண்டறிக்கைகள் பரவின. லெக்சிங்டனில் வெளியான ஒன்று, 1877 செப்டம்பர் 5 அன்று கன்சாஸ் போக விரும்பும் கறுப்பினத்தவர் 5 டாலர் கட்டினால் போகலாம் என்றது.

அந்த மாதம் 300க்கும் மேற்பட்டோர் கென்டக்கியிலிருந்து ரயில் ஏறினார்கள். ஜார்ஜ்டவுன் வட்டாரத்திலிருந்து வந்தவர்களில் சிலர், அமெரிக்கத் துணை அதிபராக இருந்த ரிச்சர்ட் எம். ஜான்சனின் தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்கள். எல்லிஸ் என்ற ஊரோடு அவர்களுடைய ரயில் பயணம் முடிந்தது. அங்கிருந்து நிக்கோடிமஸ் சுமார் 35 மைல். பாதை கிடையாது. பெரும்பாலோர் நடந்தே போனார்கள்.

அடுத்த வசந்தத்தில் வந்த வில்லியானா ஹிக்மன் என்ற பெண் பின்னாளில் சொன்ன நினைவு இந்த ஊரின் வரலாற்றில் அழியாமல் நிற்கிறது. வழியிலேயே குழுவில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் இறந்துபோனார்கள். மிச்சமிருந்தவர்கள் ஒருவழியாக வந்து சேர்ந்தபோது ஆண்கள், "அதோ நிக்கோடிமஸ்" என்று கத்தினார்கள். வில்லியானா எவ்வளவு தேடியும் அவர் கண்ணுக்கு ஓர் ஊரும் தெரியவில்லை. எங்கே என்று கேட்டதற்கு, தரையிலிருந்து ஆங்காங்கே எழுந்த புகையைக் கணவர் சுட்டிக்காட்டினார். மனிதர்கள் மண்ணுக்குள் குடியிருந்தார்கள். பார்த்ததும் அழுதுவிட்டதாக வில்லியானா சொல்கிறார்.

அந்த வீடுகளைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். சமவெளியில் வீடு கட்ட மரம் கிடையாது. ஆற்றோரத்தில் மட்டும் வில்லோ, காட்டன்வுட் என்னும் மரங்கள் கொஞ்சம் இருந்தன. ஆகவே மேட்டின் சரிவில் மண்வெட்டியால் ஓர் அறை அளவுக்குக் குடைந்தார்கள். முன்பக்கத்தைப் புல்வேரோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளால் அடைத்தார்கள். கழிகளைப் பரப்பி, மேலே புதரும் மண்ணும் போட்டால் கூரை. உள்சுவரில் குடைந்த அடுப்பின் புகைக்குழாய்தான் தரைக்கு மேலே தெரிந்தது. எரிக்கச் சூரியகாந்தித் தண்டு, சுள்ளி, காய்ந்த சாணம். மழை பெய்தால் கூரை ஒழுகிச் சேறாகும். ஆனால் பனிக்காற்றை அந்த மண் தடுத்தது. கென்டக்கியில் புகையிலையும் சணலும் பயிரிட்டுப் பழகியவர்கள், இதைக் குளிர்காலம் தொடங்கும் நேரத்தில் வந்து கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

ஹில் தங்களை ஏமாற்றிவிட்டார் என்று பலர் கொதித்துப்போனார்கள். அவரைத் தூக்கில் போடவே சிலர் துணிந்ததாகவும், அவர் ஒளிந்து தப்பியதாகவும் உள்ளூர் வரலாறு சொல்கிறது. கணிசமான குடும்பங்கள் திரும்பிப் போய்விட்டன. பிரெய்ரி ஊர்கள் பெரும்பாலும் இப்படித்தான் விற்கப்பட்டன, எல்லா இனத்தவரும் ஏமாந்தார்கள் என்று சமாதானம் சொல்வது உண்டு. எனக்கு அந்தச் சமாதானம் போதவில்லை. வெள்ளையினக் குடியேறி திரும்பிப் போனால் அவருக்கு நஷ்டம் பணம். இவர்கள் திரும்பிப் போகக்கூடிய இடம் எப்படிப்பட்டது என்பதை ஹில் நன்றாகவே அறிந்திருந்தார்.

இருந்தவர்கள் அந்தக் குளிர்காலத்தை எப்படித் தாண்டினார்கள்? வேட்டை முடிந்து திரும்பிய ஓசேஜ் பழங்குடியினர் தங்கள் இறைச்சியைப் பகிர்ந்து கொடுத்தார்கள். கன்சாஸின் மற்ற ஊர்களிலிருந்தும் உதவி வந்தது. ஆண்கள் ரயில்பாதை வேலை தேடி நெடுந்தூரம் நடந்தார்கள். 1877 அக்டோபரில் எம்மா வில்லியம்ஸ் என்பவருக்கு ஹென்றி என்ற மகன் பிறந்தான். அந்த ஊரில் பிறந்த முதல் குழந்தை அவன். வசந்தம் வந்தபோது ஊர் முழுக்கச் சேர்த்தும் விரல்விட்டு எண்ணக்கூடிய குதிரைகளே இருந்தன. கலப்பை கண்டிராத அந்த இறுகிய புல்தரையைப் பலர் மண்வெட்டியாலேயே கொத்தினார்கள்.

ஊர் எழுந்த 10 ஆண்டுகள்

ஊர் அடங்கிய கிரஹாம் கவுண்டியின் (கவுண்டி என்பது மாநிலத்துக்குள் ஒரு நிர்வாகப் பிரிவு) முதலாம் எண் பள்ளி மாவட்டம் 1879இல் நிக்கோடிமஸில்தான் அமைந்தது. போதகர் ஸ்மித்தின் மகள் ஜென்னி ஃபிளெச்சர் ஊரின் முதல் ஆசிரியர். தபால் நிலையத்தைப் பார்த்துக்கொண்டவரும் அவரே. படிக்கத் தெரிந்தாலே தண்டனை என்ற நிலையில் வளர்ந்த ஒரு தலைமுறை, வந்த வேகத்தில் முதலில் கட்டியவற்றில் ஒன்று பள்ளிக்கூடம். இந்த ஊரைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது.

நியூயார்க் மாநிலத்தில் பிறந்த எட்வர்ட் பி. மெக்கேப் என்ற இளைஞர் 1878இல் இங்கே வந்தார். 1880இல் கவுண்டி எழுத்தர் ஆனார். 1882இல் கன்சாஸ் மாநிலத் தணிக்கையாளராகத் தேர்தலில் வென்றார். அந்த மாநிலத்தில் மாநில அளவிலான பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினத்தவர் அவர்தான். 2 ஆண்டு கழித்து மீண்டும் வென்றார். பின்னர் ஓக்லஹோமா போய், 1890இல் லாங்ஸ்டன் என்ற இன்னொரு கறுப்பின ஊரை உருவாக்கியவர்களில் ஒருவரானார். மண்ணுக்குள் குடியிருந்த ஓர் ஊரிலிருந்து 5 ஆண்டுக்குள் மாநில நிர்வாகத்துக்கு ஓர் ஆள் போயிருக்கிறார்.

1880களில் உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல்லை வெட்டிக் கட்டடங்கள் எழுப்பினார்கள். ஜென்னியின் கணவர் இசட். டி. ஃபிளெச்சர் நடத்திய செயின்ட் பிரான்சிஸ் ஹோட்டல், கடைகள், குதிரை லாயம், தேவாலயங்கள் வந்தன. 1886இல் வெஸ்டர்ன் சைக்ளோன், 1887இல் நிக்கோடிமஸ் என்டர்பிரைஸ் என்று 2 செய்தித்தாள்கள் தொடங்கின. கறுப்பின மக்களோடு வெள்ளையினக் கடைக்காரர்களும் இங்கே தொழில் செய்தார்கள்.

இருந்த ஒரே குறை, ரயில் இல்லாதது. ஒரு மூட்டை கோதுமையை விற்கவேண்டும் என்றால் ரயில் நிற்கும் ஊருக்குக் குதிரைவண்டியில் கொண்டுபோக வேண்டும். எல்லிஸ் வரை போய்த் திரும்ப நாட்கள் ஆகும். சந்தை விலையில் கணிசமான பகுதி வழியிலேயே கரைந்துவிடும்.

வராத ரயில்

1887இல் ரயில் நிறுவனங்கள் இந்தப் பக்கம் பாதை போடுவதாகப் பேச்சு எழுந்தது. மிசௌரி பசிபிக் நிறுவனத்தை ஈர்க்க நிக்கோடிமஸ் வட்டத்து மக்கள் 16,000 டாலர் கடன் பத்திரத்துக்கு வாக்களித்தார்கள். 10 ஆண்டுக்கு முன் கலப்பை வாங்க வழியில்லாதவர்கள் தங்கள் வருங்கால வரியைப் பிணையாக வைத்த தொகை அது. மிசௌரி பசிபிக் வரவில்லை. யூனியன் பசிபிக் வந்தது, ஆனால் ஆற்றுக்குத் தென்புறமாகப் போனது. 1888இல் சில மைல் தள்ளி அது அமைத்த இடத்தில் போக் என்ற புதிய ஊர் உருவானது.

அப்புறம் நடந்தது வேகமாக நடந்தது. வியாபாரிகள் ஒவ்வொருவராக போக் ஊருக்கு மாறினார்கள். போவோர் வருந்துவீர்கள் என்று எழுதிப் பார்த்த பத்திரிகையும் நின்றுபோனது.

நிக்கோடிமஸின் வீழ்ச்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் அநேகமாக இந்த இடத்தில் நிறுத்திக்கொள்கிறார்கள்: ரயில் வரவில்லை, ஊர் செத்தது. இந்த விளக்கம் பாதிதான் சரி. ரயில் பெற்ற போக் இன்று எப்படி இருக்கிறது? அதுவும் சுருங்கிய சிற்றூர்தான். ரயில் கிடைத்த நூற்றுக்கணக்கான பிரெய்ரி ஊர்கள் அடுத்த நூறாண்டில் அதே சரிவில் இறங்கின. ரயில் வந்திருந்தால் நிக்கோடிமஸ் இன்னும் 40, 50 ஆண்டு செழித்திருக்கும் என்பது என் கணிப்பு. அதற்குமேல் இயந்திரமும் பண்ணை அளவும் தம் வேலையைக் காட்டியிருக்கும். 160 ஏக்கரில் ஒரு குடும்பம் பிழைக்கலாம் என்ற கணக்கே அந்த நிலத்துக்குப் பொருந்தவில்லை. 100ஆவது தீர்க்கரேகைக்கு வெகு அருகில், மழை போதும் போதாது என்ற எல்லைக்கோட்டில் அமைந்த பூமி அது. ஆண்டுக்குச் சுமார் 20 அங்குல மழை. அதுவும் நம்பி விதைக்க முடியாதது. உழ உழ மழை கூடும் என்று அன்று குடியேறிகளிடம் சொன்ன வாக்குறுதியை வானம் காப்பாற்றவில்லை.

ரயில் விலகியபோது போனவர்கள் வியாபாரிகள்; உழவர்கள் போகவில்லை. பட்டா கைக்கு வந்த குடும்பங்கள் நிலத்திலேயே இருந்தன. கடைத்தெரு காலியானது, ஆனால் தேவாலயமும் பள்ளிக்கூடமும் நடந்தன. முதலாம் பாப்டிஸ்ட் சபை 1907இல் புதிய ஆலயம் கட்டியது. 1918இல் புதிய பள்ளிக் கட்டடம் எழுந்தது. ரயிலை இழந்து 30 ஆண்டுக்குப் பிறகு பள்ளிக்கூடம் கட்டிய ஊரைச் செத்த ஊர் என்று எப்படிச் சொல்வது?

பெரிய அடி 1930களில் விழுந்தது. வறட்சி, புழுதிப்புயல், தானிய விலைச் சரிவு மூன்றும் ஒன்றாக வந்தன. 1935இல் ஊரில் 76 பேர். அரசின் வேலைவாய்ப்புத் திட்டத்தில் 1939இல் சுண்ணாம்புக்கல்லில் ஊர் மண்டபம் ஒன்று கட்டப்பட்டது. பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. இளைஞர்கள் படைக்கும் தொழிற்சாலைக்கும் போனார்கள். டென்வர், டொபீகா, கலிபோர்னியா என்று சிதறினார்கள். 1950இல் 16 பேர்தான் மிச்சம்.

ஜூலைக் கூட்டம்

பிரிட்டனின் மேற்கிந்தியக் குடியேற்றங்களில் அடிமைமுறை 1834 ஆகஸ்ட் 1 அன்று ஒழிந்தது. அந்த நாளை விடுதலை நாளாகக் கொண்டாடும் வழக்கம் அமெரிக்கக் கறுப்பின மக்களிடமும் இருந்தது. நிக்கோடிமஸ் மக்கள் குடியேறிய தொடக்க ஆண்டுகளிலேயே அதைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். ஊருக்குப் பக்கத்துத் தோப்பில் சமைத்துச் சாப்பிட்டு, பேஸ்பால் ஆடி, பாட்டும் பிரசங்கமுமாகச் சில நாள் நடக்கும். சுற்று வட்டார வெள்ளையின மக்களும் வருவார்கள்.

வெளியூர் போனவர்கள் கூடக் கூட, இந்த விழாவின் தன்மை மாறியது. விடுதலை நாள் என்பது ஹோம்கமிங், அதாவது ஊர் திரும்பும் விழா ஆனது. ஊரைவிட்டுப் போனவரின் மகன், மகளின் மகள், அவர்கள் கட்டிக்கொண்ட வேற்றூர்க்காரர் எல்லோரும் ஜூலை கடைசி வாரத்தில் வருகிறார்கள். முதலில் வந்த குடும்பங்களின் பெயர்களைச் சொல்லி உறவு விசாரிக்கிறார்கள். ஊர்வலம், விருந்து, ஞாயிறு ஆராதனை. கல்லறைக்குப் போய் வருகிறார்கள்.

இதை வெறும் பழைய நினைவு என்று ஒதுக்கிவிட முடியாது. மற்ற பிரெய்ரி ஊர்களில் பள்ளிக்கூடம் மூடினால் ஊர்க்காரர்கள் ஒரே இடத்தில் சந்திக்கும் காரணமே போய்விடுகிறது. ஒரு தலைமுறைக்குள் யார் எங்கே என்று தெரியாமல் போகிறது. நிக்கோடிமஸ் மக்கள் சந்திக்க நாள் குறித்து வைத்திருந்தார்கள். நிலத்தை விற்பதா, குத்தகைக்கு விடுவதா, பாட்டன் வீட்டுக் கூரையை யார் சரிசெய்வது என்பது போன்ற பேச்சுக்கு முகம் பார்த்து உட்காரும் இடம் கிடைத்தது. 1970களிலும் 80களிலும் அரசு உதவியோடு சிறு குடியிருப்புகள் வந்தபோது, பணி ஓய்வு பெற்ற சிலர் நகரத்திலிருந்து திரும்பியதற்கும் இந்தத் தொடர்புதான் வழி செய்தது என்று நினைக்கிறேன்.

வெரில் சுவிட்சர் இதற்கு நல்ல உதாரணம். 1932இல் நிக்கோடிமஸில் பிறந்தவர். கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கால்பந்து ஆடி, 1954இல் கிரீன் பே பேக்கர்ஸ் என்ற தொழில்முறை அணிக்குப் புதிய வீரர் தேர்வின் முதல் சுற்றில் நான்காவது ஆளாகத் தேர்வானார். பிறகு அதே பல்கலைக்கழகத்தில் நிர்வாகப் பொறுப்பில் நெடுங்காலம் இருந்தார். வாழ்ந்தது வேறு ஊரில் என்றாலும் நிக்கோடிமஸில் நிலம் வைத்துக் கோதுமை பயிரிட்டார். 2022இல் இறந்தார். கணக்கெடுப்பு அதிகாரியின் ஏட்டில் இப்படிப்பட்டவர் நிக்கோடிமஸ்காரராக இடம்பெறவே மாட்டார்.

கட்டடங்களைக் காப்பது

1976இல் ஊர் தேசிய வரலாற்றுச் சின்னப் பட்டியலில் சேர்ந்தது. அதோடு பாதுகாப்பு வந்துவிடவில்லை. பட்டியலில் பெயர் இருப்பது கூரை ஒழுகுவதை நிறுத்தாது. ஊரின் வழித்தோன்றலான ஏஞ்சலா பேட்ஸ் வரலாற்றுச் சங்கம் அமைத்து, கன்சாஸ் செனட்டர் பாப் டோலின் ஆதரவைத் திரட்டி, ஆண்டுக்கணக்கில் முயன்றார். 1996 நவம்பர் 12 அன்று நிக்கோடிமஸ் தேசியப் பூங்காச் சேவையின் கீழ் வரலாற்றுத் தலமானது.

தலத்தில் 5 கட்டடங்கள் அடங்கும்: ஏ.எம்.இ. (ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல்) தேவாலயம், முதலாம் பாப்டிஸ்ட் ஆலயம், செயின்ட் பிரான்சிஸ் ஹோட்டல், பள்ளிக்கூடம், ஊர் மண்டபம். மண்டபத்தில்தான் பார்வையாளர் மையம். கட்டடங்கள் எல்லாவற்றையும் அரசு எடுத்துக்கொள்ளவில்லை என்பது எனக்குச் சரியான ஏற்பாடாகப் படுகிறது. பாப்டிஸ்ட் சபையார் பழைய ஆலயத்தின் பக்கத்திலேயே புதியது கட்டி வழிபட்டு வருகிறார்கள். முன்னாள் படைவீரர் சங்கம் பள்ளிக் கட்டடத்தைப் பயன்படுத்தி வந்தது. அருங்காட்சியகமாக மட்டும் ஆகிவிட்ட ஊர்களில் இருக்கும் வெறுமை இங்கே இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம்.

நிலம் கைமாறும் கவலை

பூங்காச் சேவை கல்லையும் காரையையும் காக்கும். வயலைக் காக்காது. என்னைக் கவலைப்பட வைப்பது இதுதான்.

தொடக்கத்தில் 160 ஏக்கர் ஒரு குடும்பத்துக்கு என்றார்கள். இன்று மேற்குக் கன்சாஸில் கோதுமையையும் சோளத்தையும் மட்டும் நம்பிப் பிழைக்க ஆயிரக்கணக்கான ஏக்கர் வேண்டும். சிறு உழவர் என்றால் வங்கிக்கடன் இல்லாமல் ஒரு பருவமும் ஓடாது. கறுப்பின உழவர்களுக்கு அந்தக் கடன் நியாயமாகக் கிடைக்கவில்லை என்று நாடு முழுவதும் அவர்கள் தொடுத்த பிக்ஃபோர்டு வழக்கில், 1999இல் அமெரிக்க வேளாண் துறை சமரசத்துக்கு வந்து இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. ஆனால் கடன் மறுக்கப்பட்ட ஆண்டுகளில் ஏலத்துக்குப் போன நிலம் இழப்பீட்டால் திரும்பி வராது. ஒருமுறை பக்கத்துப் பெரும்பண்ணையோடு சேர்ந்துவிட்ட வயலை மீட்டு வாங்குவது கிட்டத்தட்ட நடக்காத காரியம்.

நிக்கோடிமஸ் உழவர்கள் வழி தேடாமல் இல்லை. தங்கள் பகுதிக் கோதுமையைத் தங்கள் ஊரின் கதையோடு சேர்த்து மாவாக விற்றுப் பார்த்தார்கள். எத்தியோப்பியாவின் டெஃப் தானியத்தைப் பயிரிட்டுப் பார்த்தார்கள். இஞ்செரா சுடும் அந்தச் சிறு தானியம் வறட்சி தாங்கும்; அமெரிக்க நகரங்களில் குடியேறிய எத்தியோப்பியர்களிடம் அதற்குச் சந்தையும் உண்டு. நல்ல யோசனைகள்தான். ஆனால் புதுப் பயிரை இரண்டு மூன்று பருவம் நஷ்டம் தாங்கி நிலைநிறுத்த ஆள் வேண்டும், வயதில் இளையவராக வேண்டும். உழவர்களுக்கு வயதாகிவிட்டது. வழித்தோன்றல்களில் பலர் நிலத்தைக் குத்தகைக்கு விட்டு நகரத்தில் இருக்கிறார்கள்.

குத்தகை பரவாயில்லை என்பது என் கருத்து. பட்டா குடும்பத்தின் பெயரில் இருக்கும்வரை ஜூலையில் வருகிறவர் விருந்தாளியாக வரவில்லை, சொந்தக்காரராக வருகிறார். விற்பனைதான் பயம். பாட்டனார் இறந்து, பங்கு பத்துப் பேருக்குப் பிரிந்து, அதில் நான்கு பேர் அந்த ஊரைக் கண்ணால் கண்டதே இல்லை என்றால் விற்பதைத் தடுக்க யாராலும் முடியாது. வழித்தோன்றல்கள் சேர்ந்து ஓர் அறக்கட்டளை போல அமைத்து, விற்பனைக்கு வரும் பங்கைத் தங்களுக்குள்ளேயே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு செய்தால் நிலம் கைவிட்டுப் போகாது. கட்டடங்களைப் பழுதுபார்ப்பதை விட அவசரமான வேலை என்று இதைத்தான் சொல்வேன்.

இனி இந்த ஊரைப் பற்றி ஆராய வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 14 என்ற எண்ணோடு நின்றுவிடாதீர்கள். 1877, 1878இல் வந்த குடும்பங்களின் வாரிசுகள் பெயரில் நிக்கோடிமஸ் வட்டத்தில் இன்று எத்தனை ஏக்கர் இருக்கிறது, 10 ஆண்டுக்கு முன் எத்தனை இருந்தது என்று கவுண்டி அலுவலகப் பதிவேட்டில் பாருங்கள். ஹோம்கமிங்குக்கு வருகிறவர்களில் 30 வயதுக்கு உட்பட்டவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். ஊரின் உடல்நிலை அந்த இரண்டு கணக்கில்தான் தெரியும்.